கடையில் வாங்கிய பனிமான்

லிப்ட்காரனைப் பற்றி அவன் மனைவியிடம் கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவாள். "அவரு கால்ல சக்கரத்தோட பொறந்தவருங்க. அதுவும் பிரேக் இல்லாத சக்கரம்." பொய்யில்லை. தட்டில் பாதிச் சாப்பாடு இருக்கும்போதே எழுந்துபோய் ஜன்னல் கொண்டி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவான். வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள், அந்த நாற்காலி ஆடுகிறது என்று கண்டுபிடித்து, திருப்புளியோடு வந்து அவரை எழுப்பிவிடுவான். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே இரண்டு முறை வெளியே போய்க் காலாறிவிட்டு வந்து, "இவன் யாரு? எப்ப வந்தான்?" என்று பக்கத்து சீட்டுக்காரரின் உயிரை வாங்குவான்.

வேலையும் அவனுக்கு ஏற்ற வேலைதான். பன்னிரண்டு கட்டடங்களின் லிப்ட்டுகள் அவன் பொறுப்பு. காலையில் ஓர் ஆஸ்பத்திரியில் கூண்டின் மேலே ஏறி நின்று கயிறுகளைத் தடவிப் பார்ப்பான். மதியம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிப்ட்டின் அடிப் பள்ளத்தில் இறங்கி, யாரோ போட்ட சில்லறையையும் மிட்டாய்த் தாளையும் பொறுக்கிக்கொண்டிருப்பான். நடுவில் எங்காவது யாராவது சிக்கிக்கொண்டால் பைக்கை எடுத்துக்கொண்டு பறப்பான். சிக்கியவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. "பதறாதீங்கம்மா, காத்து வரும், நான் வந்துட்டேன். நீங்க எந்த மாடியில இறங்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்று அவன் சொன்னால் உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள்கூட மாடி எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட மனிதன் ஒரே இடத்தில் அசையாமல் உட்காருகிற நேரம் ஒன்று உண்டு. மாலையில் குளித்துச் சாப்பிட்டபின் படுக்கையறைச் சுவரோரம் போட்டிருக்கும் மேசை முன்னால் உட்கார்வான். அங்கே இரண்டு மேசைகள், இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று அவனுடையது, ஒன்று அவளுடையது. மகள் மேல்படிப்புக்கு விடுதிக்குப் போன பிறகு வந்த பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே தொடங்கியது. எட்டு வருஷமாக இரண்டு பேரும் ஒரே கேம்தான் ஆடுகிறார்கள். மாதா மாதம் சந்தா கட்டி உள்ளே போகிற ஆன்லைன் கேம். பெரிய உலகம், காடு, பனிமலை, அரக்கர்கள். உலகம் பூராவும் இருந்து ஆட்கள் வந்து ஆடுவார்கள். குழு குழுவாகச் சேர்ந்தால்தான் பெரிய அரக்கனை வீழ்த்த முடியும்.

நாற்பது பேர் கொண்ட ஒரு குழுவுக்கு லிப்ட்காரன் தலைவன். அவன் பெரிய கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குவான். அவள் பின்னால் நின்று, அடி வாங்குகிறவர்களின் உயிரைத் திரும்பத் திரும்ப ஏற்றுவாள். குழுவில் அவளுக்கு வைத்தியர் என்று பெயர். பாதிப் பேர் அண்ணி என்பார்கள். முகம் பார்த்திராத முப்பத்தெட்டுப் பேரை எட்டு வருஷம் சண்டை சச்சரவு இல்லாமல் கட்டி மேய்ப்பது சாதாரணம் இல்லை. வேலையில் அவன் யாருக்கும் மேலாளர் இல்லை, சங்கத்தில் பொறுப்பு இல்லை, தெருவில் யாரும் எழுந்து நின்று வணக்கம் சொல்வதில்லை. அந்தக் குழுதான் அவன் சம்பாதித்த ஒரே மரியாதை. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"இங்க மட்டும்தாண்டி எல்லாரும் ஒண்ணு" என்பான் அவளிடம். "சந்தாவக் கட்டிட்டா முதலாளியும் தொழிலாளியும் ஒரே வாசல்ல நுழையணும். ஒருத்தன் நல்ல வாள் வச்சிருந்தா அவன் அதுக்கு உழைச்சிருக்கான்னு அர்த்தம். காசக் காட்டி இங்க ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் "ம்" என்பாள். ஒரு பெரிய சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளை, சூடான உருளைகளுக்கு நடுவே இரண்டு பக்கமும் ஆள் நின்று நுழைக்க வேண்டும். துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் முதல் காரியமாக ஒரு வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டுதான் கேமைத் திறப்பாள்.

இனி பனிமான் விஷயத்துக்கு வருவோம். மலையுச்சியில் ஒரு பனியரக்கன் இருக்கிறான். அவனை வீழ்த்தினால் எப்போதாவது, மழைக்காலத்தில் வெயில் வருகிற மாதிரி, ஒரு பனிமான் கிடைக்கும். ஏறிச் சவாரி செய்யலாம். மற்ற குதிரை, கழுதையெல்லாம் தரையில் ஓடும்; இது பள்ளத்தாக்கையே தாண்டிக் குதிக்கும். நாற்பது பேர் சேர்ந்து கொன்றாலும் மான் ஒன்றுதான். யாருக்கு என்று தலைவன்தான் சொல்ல வேண்டும்.

எட்டு வருஷத்தில் அவர்களுக்கு ஆறேழு பனிமான் கிடைத்திருக்கும். ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை. அவன் கொடுக்கவில்லை. தலைவன் தன் பெண்டாட்டிக்கே கொடுத்துக்கொண்டான் என்று ஒரு வாய் சொல்லிவிடக்கூடாது என்பதில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தான். மூன்று முறை அவள் பெயர் நியாயமாகவே முன்னால் இருந்தது. மூன்று முறையும் மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்து மேசைப் பக்கம் திரும்பி, "இந்த ஒரு தடவை விட்டுக்குடு, என்ன?" என்றான். அவளும் விட்டுக்கொடுத்தாள். குழுவில் எல்லாரும் அவனுடைய நியாயத்தைப் புகழ்ந்தார்கள். அன்றைக்கெல்லாம் அவனுக்குத் தூக்கம் நன்றாக வரும்.

அப்படியிருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. கேமுக்குள்ளேயே ஒரு கடை திறக்கிறார்களாம். அதில் முதல் சரக்கே பனிமான். அதே மான், கொம்புக்கு மட்டும் தங்க முலாம். இரண்டு மாதச் சந்தாக் காசைத் தட்டினால் அடுத்த நிமிஷம் ஏறி உட்காரலாம். மலையும் வேண்டாம், அரக்கனும் வேண்டாம்.

ஆட்டக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். கேமின் பொது அரங்கில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். "வீட்டு வாடகையும் குடுத்துட்டு, நாற்காலில உக்கார தனியா காசு குடுக்கணுமா?" என்று ஒருவர். "அழகுக்குத்தானே விக்கிறாங்க, இஷ்டம்னா வாங்கு, இல்லன்னா போய்க்கிட்டே இரு, உன் கழுத்துல கத்தியா வச்சாங்க?" என்று இன்னொருவர். "நாளைக்கே சந்தாவ நிறுத்தறேன், இந்தக் கேமுக்கு ஒரு கும்பிடு" என்று சபதம் போட்டவர் மறுநாள் தங்கக் கொம்பு மானில் ஏறி ஊர்வலம் வந்தார். கேட்டால், விடைபெறுவதற்காகத்தான் வாங்கினாராம். உழைத்து வாங்கிய பழைய பனிமான்காரர்கள்தான் பாவம். அவர்களைப் பார்க்கிற புது ஆட்கள், "எவ்வளவு குடுத்தீங்க?" என்று விலை விசாரித்தார்கள்.

லிப்ட்காரனுக்கு நிலைகொள்ளவில்லை. ஏற்கெனவே கால் தரையில் பாவாத மனிதன், இப்போது கேட்க வேண்டுமா. கூண்டின் மேல் நின்றுகொண்டு ஒரு கையில் எண்ணெய்க் குப்பியும் ஒரு கையில் போனுமாக அரங்கில் பதில் எழுதினான். "காசு குடுத்து வாங்கறவன் ஆட்டக்காரன் இல்ல, வாடிக்கையாளன்" என்று அவன் எழுதிய வரிக்கு ஆயிரக்கணக்கில் பாராட்டு விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் கூண்டிலிருந்து இறங்கி, பையை மாட்டிக்கொண்டு, அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டான். லிப்ட்டைச் சோதனை நிலையிலிருந்து திரும்ப மாற்றவில்லை. சோதனை நிலையில் இருக்கிற லிப்ட், யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. ஒன்பது மாடிக்காரர்கள் பைகளோடும் மூட்டுவலியோடும் படி ஏறினார்கள். மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளை இங்கே அச்சில் போட முடியாது.

"உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள் மனைவி அன்று மாலை. "வேலைல ஒரு நாளும் இப்படிப் பண்ணினது இல்லையே?"

"மனசே சரியில்லடி. நாம இத்தன வருஷம் பட்ட பாடெல்லாம் கடைத்தெருச் சாமானா ஆயிடுச்சு பாரு."

"நாம பட்ட பாடு" என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த பதிலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே குழுவைக் கூட்டினான். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு போராட்டம். எல்லாக் குழுக்களும் தலைநகரத்துக் கோட்டை வாசலில், கடைக்காரன் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டு, சவாரி இல்லாமல் வெறுங்காலில் நிற்க வேண்டும். அதோடு நம் குழுவுக்கு ஒரு விதி: கடை மானை வாங்குகிறவர் யாராக இருந்தாலும் குழுவில் இடமில்லை. "யாரா இருந்தாலும்" என்பதை இரண்டு முறை சொன்னான். சம்மதம் என்று ஒவ்வொருவராக எழுதினார்கள். குழுவில் ஆடிட்டர் என்று ஒருவர்; விதி, ஒழுங்கு என்றால் அவருக்குக் கற்கண்டு. நிஜத்திலும் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். "முன்கூட்டியே எழுத்துல போட்டுடறது நல்லது தலைவரே" என்று அவரே வாசகத்தையும் திருத்திக் கொடுத்தார். பள்ளிக்கூடத்து பஸ் ஓட்டுகிற பஸ்காரன், கேமில் வில்லாளி, "அண்ணன் சொன்னா மறுபேச்சு ஏது" என்றான்.

அவள் எதுவும் எழுதவில்லை. கொடியில் காய்ந்த துணியை எடுக்கிறேன் என்று எழுந்து போனாள். வீட்டுக்காரி தானே, அவளிடம் தனியாக எழுதி வாங்கவா வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவன் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோட்டை வாசலில் எள் போட்டால் எள் விழாது. மந்திரவாதிகள், குள்ளர்கள், இரும்புக் கவசக்காரர்கள், எல்லாரும் காலால் நடந்து வந்து நின்றார்கள். கடைக்காரனின் தொப்பி மட்டும் கூட்டத்துக்கு நடுவே தெரிந்தது. லிப்ட்காரன் முன்வரிசையில் கேடயத்தை ஊன்றி நின்றான். மைக்கைத் திறந்து வைத்துக் குழுவுக்கு உற்சாகம் ஊட்டிக்கொண்டிருந்தான். சலவைக்கூடத்தில் அன்று கூடுதல் வேலை. அவள் தாமதமாகத்தான் வந்தாள். குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்து மேசையில் உட்காரும் சத்தம் கேட்டது.

கூட்டத்தின் பின்பக்கம் ஒரு சலசலப்பு. ஆட்கள் திட்டினார்கள், ஊளையிட்டார்கள். கூட்டம் வழி விட்டது. தங்கக் கொம்பு மின்ன ஒரு பனிமான் நிதானமாக நடந்து வந்தது. வந்து அவனுக்கு நேரே நின்றது. மேலே உட்கார்ந்திருந்தவரின் தலைக்கு மேல் பெயர் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டுத் திரும்பினான். "என்னடி இது?"

"பனிமான்" என்றாள் அவள்.

"அது தெரியுது. யாரக் கேட்டு வாங்கின?"

"என் சம்பளம், என் சந்தா. யாரக் கேக்கணும்?"

"ஊரே நின்னு போராடுதுடி! நான் முன்னால நிக்கிறேன்! என் மூஞ்சில கரியப் பூசணும்னே இன்னிக்கு வந்தியா?"

"இன்னிக்குத்தான் சம்பளம் வந்துச்சு" என்றாள் அவள். துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். முதலில் குரல் உயரவில்லை. "மூணு தடவை எனக்கு வந்துச்சு. மொதல்ல பஸ்காரத் தம்பிக்குக் குடுத்தீங்க. அது பரவாயில்ல, நல்ல பையன். ரெண்டாவது, புதுசா வந்த ஒருத்தனுக்கு, குடுக்கலன்னா போயிடுவான்னு. அவன் மானோட மறுநாளே வேற குழுவுக்கு ஓடினான். மூணாவது, அந்த ஆடிட்டருக்கு. அவருகிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சு! ஜோடியா நல்லா இருக்கும்னு கேட்டாரு, குடுத்தீங்க!"

"உனக்குக் குடுத்தா நாலு பேரு என்ன சொல்வாங்க?"

"அந்த நாலு பேரு ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு எட்டு வருஷமா நான் கழுதைல வரேன். நீங்கல்லாம் மானுலயும் குதிரைலயும் தாண்டிப் போயிடுவீங்க. நான் பள்ளத்துல எறங்கி, ஏறி, மூச்சு வாங்க வந்து சேந்தா 'வைத்தியர் எப்பவும் லேட்டு'ன்னு சிரிப்பீங்க. நீங்களும்தான் சிரிச்சீங்க. பகல் பூரா நின்னுட்டு வரேன். இங்கயாவது நடக்காம இருக்கலாம்னு வாங்கினேன். அதுக்கு நான் ஆட்டக்காரி இல்லையா?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் மேசையில் கிடந்த ஹெட்போனுக்குள்ளிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது. பஸ்காரன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணே... மைக் ஆன்ல இருக்கு" என்றான்.

குழுவில் அத்தனை பேரும் ஆதியோடந்தமாகக் கேட்டிருந்தார்கள். லிப்ட்காரன் முகத்தில் ஈயாடவில்லை. ஹெட்போனை மாட்டினான். பஸ்காரனே மறுபடி பேசினான். "அண்ணே, அன்னிக்கே அண்ணிக்குக் குடுத்திருந்தா நாங்க யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டோம். சத்தியமா. நீங்க ஏன் குடுக்கலன்னுதான் பேசிப்போம்."

அது சுருக்கென்று தைத்தது. யாருக்குப் பயந்து செய்தானோ அவர்களுக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்ததில்லையாம். ஆனால் ஆடிட்டர் விடுவாரா? "அது வேற விஷயம், இது வேற விஷயம். விதி எழுத்துல இருக்கு. யாரா இருந்தாலும்னு தலைவரே ரெண்டு தடவை சொன்னாரு. இப்ப இவங்களை விட்டுட்டா மத்தவங்களுக்கு என்ன பதில்?"

எல்லாரும் காத்திருந்தார்கள். கோட்டை வாசலில் மற்றக் குழுக்காரர்களும் வேடிக்கை பார்த்தார்கள். பக்கத்து மேசையில் அவளும் அவனைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, என்ன செய்யப் போகிறான் என்று பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். விதி தப்பு, நான்தான் தப்பு என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அந்த மனுஷனுக்கு அது வாயில் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்கிற பெயர் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. பட்டியலில் அவள் பெயரைத் தேடினான். நீக்கு என்கிற பொத்தானை அழுத்தினான்.

அவள் திரையில் செய்தி வந்தது. படித்தாள். "சரி" என்றாள். மானைத் திருப்பினாள். அது ஒரே தாவலில் கூட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. இந்தப் பக்கம் ஆடிட்டர் தனியாகக் கைதட்டினார்.

வீட்டில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. அதுதான் அவனை அலைக்கழித்தது. வழக்கம்போலச் சாப்பாடு, வழக்கம்போலப் பேச்சு, துணி மடிக்கும்போது "அந்த முனையப் பிடிங்க" என்று வழக்கம்போல ஏவல். கேமைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது. விடுதியிலிருந்து மகள் போன் பண்ணினாள். "அப்பா, அம்மாவக் குழுவுலேர்ந்து தூக்கிட்டியாமே? இதுக்குப் பேருதான் தலைவனா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "போப்பா" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவள் வேறு ஒரு குழுவில் சேர்ந்தாள். ஒரே அறையில் இரண்டு குழுக்களின் மைக் திறந்திருந்தால் ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்டுக் குழப்பும் என்று சொல்லி, மேசையைச் சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன அறைக்கு மாற்றிக்கொண்டாள். மேசையின் ஒரு பக்கத்தை அவனே தூக்கிக் கொடுத்தான். சுவரோரம் அது நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அவன் நாற்காலியைக் கொஞ்சம் இப்படித் தள்ளிப் போட்டான், அப்படித் தள்ளிப் போட்டான், எப்படிப் போட்டாலும் சரிப்படவில்லை. கேம் நடுவில் எழுந்து தண்ணீர் குடித்தான். ஜன்னலைப் பார்த்தான். அதுவரைக்கும் கேம் ஆடுகிற நேரத்தில் அவன் எழுந்ததே கிடையாது.

லிப்ட்காரனின் குழு மலைக்குப் போனது. உயிர் ஏற்ற ஆளில்லாமல் அரக்கன் அவர்களைச் சட்னி செய்தான். புதிதாக ஒரு வைத்தியனைச் சேர்த்தார்கள். அவன் தன் உயிரையே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதவன். தோற்ற கடுப்பில் ஒருவரை ஒருவர் குறை சொன்னார்கள். அப்போது பஸ்காரன் தனியாகப் பேச வேண்டும் என்று செய்தி அனுப்பினான்.

"அண்ணே, திட்டாதீங்க. நானும் கடை மான் வாங்கியிருக்கேன். கடை தொறந்த மூணாம் நாளே. தங்கக் கொம்பு ஆசையா இருந்துச்சு."

"டேய்! அன்னிக்கு நீயும் சம்மதம்னு போட்டியே!"

"போட்டேன். நீங்க இல்லாத நேரத்துல தெக்குக் காட்டுல மட்டும் ஏறிப்பேன். அங்க போனா..." பஸ்காரன் கொஞ்சம் தயங்கினான். "அங்க போனா நம்ம ஆளுங்க பாதிப் பேரு தங்கக் கொம்பு மானுலதான் சுத்தறாங்க. ஆடிட்டரும். ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு, பாக்காத மாதிரி போயிடுவோம்."

லிப்ட்காரனுக்குக் கோபம் வரவில்லை. பாதிப் பேர் வாங்கியிருக்கிறார்கள். வாங்கிவிட்டு, வெறுங்காலோடு வாசலில் நின்று கத்தியிருக்கிறார்கள். ஒளிக்காமல், நேர் முன்னால் வந்து நின்றவள் ஒருத்திதான். தூக்கி எறிந்ததும் அந்த ஒருத்தியைத்தான்.

அன்று மாலையே குழுவைக் கூட்டி விதியை எடுத்துவிட்டான். ஆடிட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "தெக்குக் காட்டப் பத்திப் பேசலாமா சார்?" என்றான் லிப்ட்காரன். அவர் மைக் அணைந்தது. அடுத்த பனிமான் வைத்தியருக்கு என்று எல்லாரும் ஒருமனதாக எழுதினார்கள். இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு அவன் சின்ன அறைக்குப் போனான். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து விழுந்தது, நிமிர்த்தக்கூட நிற்கவில்லை.

அவள் காலை வெந்நீர் வாளியில் வைத்திருந்தாள். அப்போதுதான் அவர்கள் குழு ஏதோ ஒரு பெரிய பாம்பைக் கொன்றிருந்தது. ஸ்பீக்கரில் பேச்சு நடந்தது. அந்தக் குழுவின் தலைவி, கட்டைக் குரல்காரி, கேட்டாள்: "கையுறை ஒண்ணு விழுந்திருக்கு. யாருக்குப் பொருந்தும்?" நாலைந்து குரல்கள் சேர்ந்து, "வைத்தியர் அம்மாவுக்கு" என்றன.

"நான் வந்து ஒரு மாசம்கூட ஆகலையே. வேற யாராவது ரொம்ப நாளா காத்திருந்தா குடுங்க" என்றாள் அவள்.

"பொருந்தறது உங்களுக்குத்தானேம்மா? பேசாம எடுத்துப் போடுங்க. நாளைக்கு எங்களக் காப்பாத்தணும்ல."

அவள் எடுத்துக்கொண்டாள். சாதாரணக் கையுறை. கடையில் போட்டால் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். அதைத் தன் ஆளுக்கு மாட்டிவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தும் இந்த முகத்தை அவன் பார்த்ததில்லை.

அவள் திரும்பினாள். மைக்கை அணைத்தாள். "என்ன வேணும்? சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?"

"சாப்பாடு இல்ல. விதிய எடுத்துட்டேன். நான் செஞ்சது தப்பு. அப்பவே தப்பு. நீ திரும்பி வந்துடு. அடுத்த மான் உனக்குத்தான், எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாங்க."

"எங்கிட்டதான் மான் இருக்கே."

"அப்ப வேற என்ன வேணும் சொல்லு. எதுவா இருந்தாலும் தரேன்."

அவள் கோபமாக இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். முகத்தில் கோபமே இல்லை.

"நான் வரலீங்க. இங்க நல்லா இருக்கு. இங்க நான் யாருக்கும் பொண்டாட்டி இல்ல. எனக்கு வர்றது எனக்கே வருது."

சொல்லிவிட்டு மைக்கைத் திறந்தாள். அந்தப் பக்கம் அடுத்த சண்டைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் ரெடி" என்றாள் அவர்களிடம். லிப்ட்காரனுக்கு வெட்கமாக இருந்தது. நியாயவான் என்று பெயர் வாங்குவதற்காக அவன் விட்டுக்கொடுத்ததெல்லாம் அவளுடைய பங்கு.